மூன்றாம் தொட்டியின் முட்டைகள்

மூன்றாவது தொட்டியில் பிடித்த ஏழாவது பெண் மீனின் வாயிலும் முட்டை இருந்தது.

மாடில்டாவுக்கு நம்ப முடியவில்லை. ஈரத் துண்டில் சுற்றிப் பிடித்திருந்த சிவப்புத் திலாப்பியாவின் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, தலையை வாளித் தண்ணீருக்குள் சாய்த்து இரண்டு தடவை ஆட்டினாள். ஊறவைத்த வெந்தயம் போல மஞ்சள் முட்டைகள் பொலபொலவென்று கொட்டி வாளியின் அடியில் சுழன்றன. முட்டையிட்டவுடன் அதை வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சு பொரிக்கும்வரை தீனிகூடத் தின்னாமல் அடைகாப்பது திலாப்பியாவின் பழக்கம். வாரத்துக்கு ஒரு முறை அந்த வாய்களைத் திறந்து முட்டைகளைச் சேகரிப்பது இவர்கள் வேலை. மூன்று மாதமாக அந்த வாய்கள் பெரும்பாலும் காலியாகவே இருந்தன.

"எலியட், இங்க வா. கையில இருக்கிறதப் போட்டுட்டு வா."

தம்பி எலியட் பம்புக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். "ஏன்க்கா, செத்துப் போச்சா?" என்றான் எழுந்திருக்காமலே. சில மாதங்களாக அவனை யாரும் நல்ல செய்திக்காகக் கூப்பிட்டதில்லை.

"சாகல. ஏழாவது மீனு. ஏழுலயும் முட்டை."

ஸ்பேனர் சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் அவன் வாளிக்குள் தலையை விட்டிருந்தான்.

மீதி எட்டு மீன்களையும் அவனே பிடித்தான். அவசரத்தில் ஒரு மீன் நழுவி மறுபடியும் தொட்டிக்குள் போயிற்று. எல்லாம் முடிந்தபோது பதினைந்து பெண் மீன்களில் பதினொன்றின் வாயில் முட்டை. அன்று காலை முதல் தொட்டியில் பார்த்தது பதினைந்துக்கு இரண்டு. இரண்டாவது தொட்டியில் மூன்று. ஒரே கொட்டகை, ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே ஆள் போடும் தீனி.

"நாலாயிரம் முட்டைக்குக் குறையாது," என்றான் எலியட்.

பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு காலத்தில் தொழிலாளர் லயங்கள் இருந்த மேட்டில்தான் எலியட்டின் மீன் பண்ணை. லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன், முதுகு வலி தாங்காமல் அந்த வேலையை விட்டு, பழைய குட்டை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து ஐந்து வருடம் ஆகிறது. திலாப்பியாக் குஞ்சு உற்பத்தி செய்து மற்ற பண்ணைகளுக்குக் கொடுப்பதுதான் தொழில். அக்காள் மாடில்டாவுக்கு ரவாங்கில் ஒரு சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. சனி ஞாயிறு வந்தால் காரை எடுத்துக்கொண்டு குட்டைக்கு வந்துவிடுவாள். அவளுக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு. பங்கைவிட ஆசை அதிகம்.

மண் குட்டையில் இருந்தவரை மீன்கள் நன்றாகத்தான் முட்டையிட்டன. பொரித்த குஞ்சுகளை விராலும் கொக்கும் தின்று தீர்த்ததுதான் தொல்லை. அதனால் வருடத் தொடக்கத்தில் கொட்டகை போட்டு, மூன்று கேன்வஸ் தொட்டிகள் கட்டி, தாய்மீன்களைச் சுத்தமான தண்ணீருக்கு மாற்றினார்கள். கண்ணாடி போல் தண்ணீர், நாள் முழுக்கக் காற்று, நேரம் தவறாத தீனி. இவ்வளவு வசதி செய்து கொடுத்த பிறகுதான் மீன்கள் முட்டையிடுவதையே குறைத்துக்கொண்டன.

எலியட் சும்மா இருக்கவில்லை. தீனி அவனே தயாரிப்பது: மீன் தூள், செம்பனை விதைப் பிண்ணாக்கு, மரவள்ளி மாவு, கொஞ்சம் எண்ணெய். இந்த எண்ணெய்தான் சரியில்லை என்று முடிவு கட்டினான். மீனுக்கு மீன் எண்ணெயைவிட உசத்தி எது இருக்க முடியும்? மனிதர்களே ஒமேகா மூன்று என்று மாத்திரை மாத்திரையாக விழுங்குகிறார்கள். பாகான் நக்கோடா ஓமார் என்ற கடலோர ஊருக்கு மோட்டார் சைக்கிளில் போய், படகுக்காரர்களிடம் மீன் தலையும் குடலும் வாங்கி, அங்கேயே அடுப்பு மூட்டிக் காய்ச்சி எண்ணெய் எடுத்து வந்தான். ஒரு தடவை கொதிக்கும் எண்ணெய் தெறித்து இடது முன்கை முழுக்கக் கொப்புளம். அந்த எண்ணெயைத் தின்று மீன்கள் பளபளவென்று கொழுத்தன. முட்டை மட்டும் ஏறவில்லை.

அதற்குள் சுங்கை பஞ்சாங்கிலிருந்து கணேஸ்வரன் வந்து போயிருந்தார். நெல் வயலை ஒட்டிப் புதிதாக நான்கு குளம் வெட்டியவர். ஆகஸ்டு முடிவதற்குள் பதினைந்தாயிரம் குஞ்சு வேண்டும் என்று கேட்டார். எலியட் யோசிக்காமல் தலையாட்டிவிட்டான். அது மே மாதம். இப்போது ஜூன் பாதி. பொரிப்புப் பாட்டில்களில் ஆயிரம் குஞ்சுகூட இல்லை.

இந்த நிலையில்தான் மூன்றாவது தொட்டி இப்படி வாய் நிறைய முட்டையோடு நின்றது.

"ஏன்னு தெரிஞ்சாகணும்," என்றாள் மாடில்டா. முட்டைகளைப் பொரிப்புப் பாட்டில்களில் பிரித்து ஊற்றிக்கொண்டிருந்தாள். மினரல் வாட்டர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியிலிருந்து தண்ணீர் மேலே பீறிடும்படி அவளே செய்தவை. உள்ளே முட்டைகள் ஓயாமல் உருண்டுகொண்டிருக்கும், தாயின் வாய்க்குள் உருள்வது போல. "சும்மா அதிர்ஷ்டம்னு விட்டோம்னா அடுத்த வாரம் போயிரும்."

"வெயிலுலா. காலையில அந்த மூலையிலதான் வெயில் விழுது."

தெர்மோமீட்டரை எடுத்து மூன்று தொட்டியிலும் விட்டுப் பார்த்தாள். கால் டிகிரிகூட வித்தியாசம் இல்லை. காற்றுக் குழாய்களைக் கழற்றிப் பார்த்தார்கள். மூன்றிலும் ஒரே வேகம். தண்ணீரைச் சோதித்தார்கள். ஒன்றுபோலத்தான். எலியட் அடுத்தடுத்து காரணம் சொல்ல, அவள் அடுத்தடுத்து அதை அடித்துக்கொண்டே வந்தாள். வெள்ளைப் பலகையில் எழுதியதெல்லாம் குறுக்குக் கோடு விழுந்து கிடந்தது. அவளுக்குப் பசிக்கவே இல்லை. ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காக அடுத்தவர்களுடைய எண்ணெயை அளந்து அளந்து தாளில் எழுதிக் கொடுத்தவள். தனக்கென்று ஒரு கேள்வி கிடைத்தது இதுவே முதல் தடவை.

மிச்சம் இருந்தது தீனி ஒன்றுதான். மூன்றாவது தொட்டியில் இருப்பவை கொஞ்சம் இளைய மீன்கள், இப்போதுதான் முட்டையிடும் பருவத்துக்கு வந்தவை. வாய் சிறியது என்பதால் அவற்றுக்குத் தீனியைப் பொடியாகத் தனியே பிசைவார்கள். டப்பாவும் தனி. மாடில்டா முதல் டப்பாவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். கடற்கரை வாடை குப்பென்று அடித்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் திறந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்து முகர்ந்தாள்.

"இதுல மீன் எண்ணெயே இல்ல."

"ஏன் இல்லாம? ஒரே எண்ணெய்தான். வெரோனிதான் பிசையிறா."

"எலியட், எனக்கு வேலையே எண்ணெய மோந்து பார்க்கிறது. இது வேற."

அப்போதுதான் எலியட்டின் மனைவி வெரோனிக்கா தேநீர்த் தட்டோடு கொட்டகைக்குள் வந்தாள். இருவரும் மூன்றாவது டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தட்டில் கோப்பைகள் லேசாக ஆடின.

"அக்கா, கோவப்பட மாட்டீங்கன்னா சொல்றேன்."

"சொல்லு வெரோனி. கோவப்படுற நேரமா இது?"

வெரோனிக்கா கணவனைப் பார்க்காமல் மாடில்டாவை மட்டும் பார்த்துப் பேசினாள். "இவரு பாகான்ல இருந்து கொண்டு வந்த பாட்டிலுல ஒன்னு கை தவறி விழுந்து ஒடைஞ்சு போச்சு. மூனாவது தொட்டிக்குன்னு எடுத்து வச்சிருந்தது. அன்னிக்குத்தான் இவரு கையெல்லாம் வெந்து போய் வந்து படுத்திருந்தாரு. எப்படிச் சொல்றது? சர்ச் குடும்ப விழா லக்கி டிராவுல எனக்கு அஞ்சு லிட்டர் சோயா எண்ணெய் கிடைச்சுச்சுல்ல, வடை சுட்டா எனக்கு அந்த வாசம் புடிக்கல, சும்மாதான் கெடந்துச்சு. அதுலயிருந்து ஊத்திப் பிசைஞ்சேன். மீனு நல்லாத்தான் தின்னுச்சு. சரின்னு அப்படியே விட்டுட்டேன்."

"எத்தனை நாளா?"

"ஈஸ்டர் முடிஞ்சதுல இருந்து. ரெண்டு மாசம் இருக்கும்."

மாடில்டா அவளிடமிருந்து தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்துகொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை. என்ன செய்துவிட்டோம் என்று தெரியாமல் வெரோனிக்காவும் பயத்தோடு சேர்ந்து சிரித்தாள்.

எலியட் சிரிக்கவில்லை. முன்கைத் தழும்பைத் தடவியபடி முட்டைப் பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பம்பு பக்கம் போய்விட்டான். தேநீர் ஆறியது.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான். "எண்ணெய் காரணமா இருக்காதுக்கா. அந்தத் தொட்டி மீனு இளசு. இளசு நல்லாப் போடும். அவ்வளவுதான்."

மாடில்டாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை அவளால் பலகையில் அடிக்க முடியவில்லை.

"அப்ப எப்படிக் கண்டுபுடிக்கிறது?" என்றாள்.

"முதல் தொட்டிக்கு இன்னிக்கே சோயாவ மாத்து. ரெண்டாவது தொட்டி மீன் எண்ணெயிலயே இருக்கட்டும். ரெண்டும் ஒரே வயசு மீனு. மூனாவத நோண்ட வேணாம், கணேஸ்வரனுக்குக் குஞ்சு அதுலருந்துதான் வரணும். ஆறு வாரம். முதல் தொட்டி ஏறி, ரெண்டாவது ஏறலன்னா எண்ணெய்தான். ரெண்டும் ஒன்னா நின்னா நீ என்னைய நம்பணும்."

இவ்வளவு சுத்தமான சோதனையை அவளே யோசித்திருக்க மாட்டாள். தம்பியை ஒரு கணம் பெருமையோடு பார்த்தாள். அவன் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை மாடில்டா கைப்பையில் இரண்டு சின்னப் புட்டிகளோடு வேலைக்குப் போனாள். ஒன்றில் பாகான் மீன் எண்ணெய், இன்னொன்றில் லக்கி டிரா சோயா எண்ணெய். மேலதிகாரி விமலாவிடம் போய், மதிய உணவு நேரத்தில் தன் சொந்த மாதிரி இரண்டை இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"மீனு முட்டை போடுறதுக்கு."

விமலா அவளை மேலும் கீழும் பார்த்தார். "மெஷின் ஃப்ரீயா இருந்தா ஓட்டிக்க. முடிவு என்னான்னு எனக்கும் சொல்லு."

எந்த எண்ணெயைக் கொடுத்தாலும் அதிலுள்ள கொழுப்பு அமிலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இன்னது இவ்வளவு என்று திரையில் சிகரம் சிகரமாக வரைந்து காட்டும் இயந்திரம் அது. சிகரம் உயர்ந்தால் அந்த அமிலம் அதிகம். செம்பனை எண்ணெய் வரையும் கோடுகளை மாடில்டா கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். மீன் எண்ணெயை அவள் இதுவரை ஓட்டியதில்லை. சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மீன் எண்ணெயின் கோடு கடைசிவரை ஏறியும் இறங்கியும் போயிற்று. எல்லாரும் புகழும் நீளமான ஒமேகா மூன்று அமிலங்கள் கடைசியில் உயர உயர நின்றன. நடுவில், லினோலியிக் என்ற அமிலம் வரவேண்டிய இடத்தில், ஒரு சின்ன மேடுதான் இருந்தது. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

பிறகு சோயா. அதே இடத்தில் கோடு செங்குத்தாக எழும்பித் திரையின் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கியது. நூற்றுக்கு ஐம்பத்து மூன்று.

மாடில்டா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். லினோலியிக் ஒமேகா ஆறு வகை. கைப்பேசியில் தேடினாள், பக்கத்துக்குப் பக்கம் தாவித் தாவிப் படித்தாள். பாதி புரியவில்லை, ஆனால் புரிந்த பாதியே போதுமாக இருந்தது. கொழுப்பு என்றால் உடம்புக்கு வெறும் எரிபொருள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. சில கொழுப்பு அமிலங்களை மீனால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. தீனியில் வந்தால்தான் உண்டு. அது எந்த அமிலம் என்பது மீனுக்கு மீன் மாறும். குளிர்நீர் மீனுக்கு ஒமேகா மூன்று இல்லாமல் ஆகாது. திலாப்பியா வெப்ப நாட்டு நன்னீர் மீன். பாசியும் இலையும் தின்று வளர்ந்த வம்சம். அதற்கு முக்கியமாக வேண்டியது ஒமேகா ஆறு. தாய்மீனுக்கு அது குறைந்தால் முட்டை குறையும். வேறு ஊர்களில் யாரோ இதையே செய்து பார்த்திருக்கிறார்கள். மீன் எண்ணெய் தின்ற திலாப்பியா நன்றாகக் கொழுத்ததாம். சோயா எண்ணெய் தின்றதுதான் நன்றாக முட்டையிட்டதாம்.

படித்துவிட்டு மாடிப்படியில் நின்றுகொண்டே தம்பிக்குப் போன் போட்டாள். மூச்சு வாங்கியது.

"மண் குட்டையில ஏன் நல்லா போட்டுச்சுன்னு இப்பத் தெரியுது எலியட். குட்டையில பாசி இருந்துச்சு, பூச்சி இருந்துச்சு. நம்ம தீனியில எது இல்லையோ அத அதுங்களே மேஞ்சு எடுத்துக்கிட்டுச்சுங்க. தொட்டிக்கு மாத்தினோம் பாரு, கண்ணாடி மாதிரி தண்ணி, அங்க மேயறதுக்கு ஒன்னும் இல்ல. நாம போடுறதுதான் சாப்பாடு. பிண்ணாக்குல அது இல்ல, மீன் எண்ணெயிலயும் இல்ல."

மறுமுனையில் எலியட் பம்பை நிறுத்தினான்.

"அப்ப நான் காய்ச்சினதெல்லாம் வேஸ்டா?"

"வேஸ்ட் இல்லடா. மீனு வளர்ந்துச்சுல்ல. முட்டைக்கு வேண்டியது அதுல இல்ல, அவ்வளவுதான்."

"சரி. ஆறு வாரம் ஆகட்டும்," என்று வைத்துவிட்டான்.

அந்த ஆறு வாரம் போல் நீண்ட காலத்தை மாடில்டா கண்டதில்லை. முதல் வாரம் முதல் தொட்டியில் ஒரே ஒரு மீன்தான் முட்டையோடு இருந்தது. இரண்டாவது வாரம் ஒன்றுகூட இல்லை. எலியட் துண்டைப் பிழிந்து காயப்போட்டான். வெரோனிக்காதான் பொறுமை இழந்தாள். "எண்ணெய இன்னும் ரெண்டு கரண்டி கூட ஊத்தட்டுமாக்கா? சீக்கிரம் புடிக்கும்ல," என்று கேட்டாள்.

"வேணாம் வேணாம். அளவு மீறினா வேற வம்பு."

எவ்வளவு பெரிய வம்பு என்பதை அடுத்த சனிக்கிழமையே பார்த்தார்கள். இரண்டாவது தொட்டியில் ஒரு பெண் மீன் செத்து மிதந்தது. மாடில்டா அதைப் பலகையில் வைத்துக் கீறினாள். வயிறு முழுக்க வெள்ளைக் கொழுப்பு. ஈரல் சிவந்திருக்க வேண்டியது, உப்பி, வெளுத்து, மஞ்சள் பாரித்துக் கிடந்தது.

எலியட் குனிந்து வெகு நேரம் பார்த்தான். "நான் பளபளன்னு இருக்குதுன்னு சந்தோஷப்பட்டேன்," என்றான். "உள்ள இப்படியா இருந்துச்சு?"

அவன் தோளில் வெரோனிக்கா கை வைத்தாள். அவன் அதைத் தட்டிவிடவில்லை.

நான்காவது வாரம் முதல் தொட்டியில் ஐந்து மீன்களின் வாயில் முட்டை. இரண்டாவது தொட்டியில் ஒன்று. மாடில்டா குதிக்காத குறை. எலியட், "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு," என்றான். ஆனால் அன்று மாலை அவள் காரில் ஏறும்போது பார்த்தாள்: கொட்டகைக்குள் தனியாக நின்று முட்டைப் பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது தொட்டி வாரத்துக்கு வாரம் வஞ்சனை இல்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தது. குஞ்சு வளர்க்கும் தொட்டிகளில் நெல்மணி அளவுக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பின.

ஆறாவது வாரம் மாடில்டா வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தாள். விடிந்து பனி விலகும் நேரம். வெரோனிக்கா பலகையருகே மார்க்கர் பேனாவோடு நின்றாள்.

"இன்னிக்கு நான்தான் திறப்பேன்," என்றான் எலியட். "நீங்க ரெண்டு பேரும் எண்ணுங்க."

இரண்டாவது தொட்டியில் தொடங்கினான். முதல் மீன் காலி. இரண்டாவது காலி. பதினான்கையும் பார்த்து முடித்தபோது பலகையில் இரண்டு கோடுகள் விழுந்திருந்தன.

முதல் தொட்டிக்கு வந்தான். முதல் மீனைத் துண்டில் சுற்றித் தாடையை அழுத்தினான். முட்டை கொட்டியது.

"ஒன்னு," என்றாள் வெரோனிக்கா.

இரண்டாவது, முட்டை. மூன்றாவது, முட்டை. நான்காவது காலி, மூவரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். ஐந்தாவது மீன் வயதானது, முதல் வருடத்திலிருந்தே இருப்பது, ஒரு கண்ணோரம் கறுப்புப் புள்ளி. தொட்டிக்கு மாறிய நாளிலிருந்து ஒரு தடவைகூட முட்டையிடாதது. எலியட் அதன் வாயைத் திறந்தான். வாளித் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது என்று சொல்லும்படி முட்டைகள் கொட்டிக்கொண்டே இருந்தன.

"கெழவிலா இது," என்றான். "கெழவி போட்டிருக்கு பாருக்கா."

அதற்குப் பிறகு வெரோனிக்கா எண்ணிக்கையைச் சொல்வதை விட்டுவிட்டாள். கோடு மட்டும் போட்டுக்கொண்டே போனாள். கடைசி மீன் தண்ணீருக்குத் திரும்பியபோது பலகையில் பத்து கோடுகள். பதினைந்துக்குப் பத்து.

எலியட் கையைத் துடைத்துக்கொண்டு பலகையிடம் போனான். "இளசு" என்று ஆறு வாரம் முன்னால் அவனே எழுதி வட்டம் போட்டிருந்த சொல்லின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். மனைவியின் பக்கம் திரும்பினான்.

"பாட்டில் ஒடைஞ்சப்பவே நீ சொல்லியிருந்தா, நான் மறுநாளே பாகானுக்குப் போய் இன்னொரு பாட்டில் கொண்டு வந்திருப்பேன். நாம இன்னிக்கு மூனு தொட்டியும் காலியா வச்சுக்கிட்டு நின்னிருப்போம்."

"அப்ப நான் பயந்தது நல்லதுங்கிறீங்க."

"எங்கிட்ட பயப்பட வேணாம்ங்கிறேன்," என்றான். வெரோனிக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவன் இரண்டாவது தொட்டியின் தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கோழிகளுக்குக் கொட்டினான். அன்று மதியம் மூன்று தொட்டிக்கும் ஒரே தீனி பிசைந்தார்கள். பாகான் எண்ணெயைத் தூக்கி எறிய வேண்டாம், ஒமேகா மூன்றும் கொஞ்சம் இருக்கட்டும், ஆனால் சொட்டுக் கணக்குதான் என்று மாடில்டா சொன்னாள். அளவை வெரோனிக்கா தன் வடைக் கரண்டியால் தீர்மானித்தாள்.

ஆகஸ்டு கடைசி வாரம், விடியற்காலை, பதினைந்தாயிரம் குஞ்சுகளை எண்ணிப் பைகளில் நிரப்பினார்கள். பாதிப் பை தண்ணீர், மீதிக்கு ஆக்ஸிஜன், வாயை ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டினால் பை பந்து போல் நிற்கும். வாடகை லோரியில் அடுக்கி ஈரச் சாக்கு மூடி, எலியட்டே ஓட்டினான். மாடில்டாவும் வெரோனிக்காவும் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தஞ்சோங் காராங் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். அறுவடை முடிந்த தாளும் சேறும். வெரோனிக்கா ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் உயிரோடதான் இருக்கும்லா," என்றான் எலியட்.

"நீங்க ரோட்டப் பாருங்க."

கணேஸ்வரன் குளத்து மேட்டிலேயே காத்திருந்தார். பைகளை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளும் வெளியும் ஒரே சூடாகும்வரை பொறுத்து, பிறகு கட்டவிழ்த்துச் சாய்த்தார்கள். குஞ்சுகள் முதலில் தயங்கி நின்றன. பிறகு ஒரு கூட்டம் கரையோரப் பாசியைக் கொத்தப் பாய்ந்தது. செத்தது எத்தனை என்று கணேஸ்வரன் வளைந்து வளைந்து தேடினார். பதினெட்டு எடுத்தார்.

"நான் ஆயிரமாவது போகும்னு நினைச்சேன் தம்பி," என்றார் எலியட்டிடம். "போன தடவை வேற எடத்துல வாங்கினப்ப அப்படித்தான் போச்சு. நீங்க என்ன தீனி போடுறீங்க?"

"அத என் சம்சாரத்துக்கிட்ட கேளுங்க," என்றான் எலியட்.

வெரோனிக்கா சொன்னாள். லக்கி டிராவில் தொடங்கி, உடைந்த பாட்டில், வெந்த கை, கிழவி மீன் எல்லாவற்றையும் சொன்னாள். அமிலத்தின் பெயர் வந்த இடத்தில் மட்டும் மாடில்டாவைப் பார்த்தாள். மாடில்டா எடுத்துக் கொடுத்தாள். கணேஸ்வரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கையைக் காட்டி அவர்களை நான்காவது குளத்துக்கு அழைத்துப் போனார்.

"இதுல ஜெலாவாட் விட்டிருக்கேன். ஆத்து மீனு. நல்லா தின்னுது, வளரவே மாட்டேங்குது. செதிலும் துடுப்பும் ஒரு மாதிரி இருக்கு. இதுக்கும் சோயா எண்ணெய் ஊத்தினா சரியாயிருமா?"

எலியட் உடனே வாயைத் திறந்தான். மாடில்டா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"தெரியாதுண்ணே," என்றாள். "அது வேற மீனு. அதுக்கு என்ன வேணும்னு அதுக்கிட்டதான் கேட்கணும்."

சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டாள்.

"ஒரு வலை குடுங்க. ரெண்டு மீனு புடிக்கிறேன். நீங்க போடுற தீனியும் ஒரு பொட்டலம் வேணும். வெரோனி, கார்ல, சேச்சே, லோரியில என் பை இருக்கு. காலிப் புட்டி ரெண்டு எடுத்துட்டு வா."

வெரோனிக்கா அதற்குள் வரப்பில் ஓட ஆரம்பித்திருந்தாள்.